இடது பக்கம் சாய்ந்த ஐந்து

பழைய மோட்டார் சைக்கிளுக்கு மதிப்புச் சொல்வது என் தொழில். முன்பு மெக்கானிக்காக இருந்தேன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனபிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாயை வைத்துப் பிழைக்கிறேன். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் ஏசி அறைக்குள் வண்டியை நிறுத்தி அழகு பார்க்கிற மனிதர்கள் தென்காசிக்கு வருவார்கள். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஏதாவது ஒரு மாட்டுத் தொழுவத்தில் கோழி எச்சத்துக்கு நடுவே நிற்கிற வண்டியைக் காட்டி, "அண்ணாச்சி, இது ஒரிஜினலா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வேன். அவ்வளவுதான் வேலை.

இந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. சொந்த அப்பா ஓட்டிய ஸ்கூட்டரை எடைக்குப் போட்டிருப்பார்கள். அடுத்தவன் அப்பா ஓட்டிய வண்டிக்கு ஒரு வீட்டு விலை கொடுப்பார்கள். துருப்பிடித்த இடத்தைத் தடவிப் பார்த்து, "தொடாதீங்க, இதுதான் அழகு" என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாற்பது வருஷமாக விறகுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த வண்டியை, காரில் ஆள் வந்து இறங்கியதும் "எங்க அப்பா உசுரு சார் இது" என்று காட்டிக் கண்ணைக் கசக்குவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நின்று உண்மையைச் சொல்லுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. போனதும் முதலில் எஞ்சினில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் திரும்பிவிடுவேன். நான் வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்றால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு அப்புறம் நம்பர். இந்த வண்டிகளுக்கு உயிர் நம்பரில்தான் இருக்கிறது. பிரேமின் கழுத்தில் ஒரு நம்பர், எஞ்சினின் அடிப்பெட்டியில் ஒரு நம்பர். கம்பெனியில் பிறந்தபோது இருந்த அதே பெட்டி அதே பிரேமில் இருந்தால்தான் முழு விலை. பெட்டி மாறியிருந்தால் வண்டி ஓடும், ஆனால் மதிப்பு போய்விடும். மாற்றினவர்கள் பழைய நம்பரை அரம் போட்டு ராவிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரைப் பஞ்ச் வைத்து அடித்துவிடுவார்கள். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால், ராவிய இடம் கொஞ்சம் குழிந்து தெரியும்.

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மாட்டுச் சந்தை மாதிரி துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற வேலை என்னிடம் கிடையாது. விற்கிறவர் வண்டிக்கு ஒரு பக்கம், வாங்குகிறவர் மறுபக்கம் நிற்கவேண்டும். நான் டேங்க் மேல் கையை வைத்துக்கொண்டு, இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறமாதிரி சொல்வேன். தனியாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இந்தப் பழக்கத்தினால்தான் என்னை நம்பினார்கள். இந்தப் பழக்கம்தான் என்னைக் கொண்டுபோய் மாட்டியும் விட்டது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது வடகரையில். அத்தானுக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. அதோடு ஒரு வண்டியும் இருந்தது. ஐநூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர், இங்கிலாந்தில் செய்தது. செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது அத்தானின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக் காலையில் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். இந்தப் பக்கத்தில் அந்த வகை வண்டி மொத்தம் இரண்டுதான் இருந்தன. ஒன்று அத்தானுடையது. இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் வழியில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளியுடையது.

அத்தான் அந்த வண்டியை வைத்திருந்த அழகைச் சொல்லவேண்டும். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தார் என்றால் தென்காசி பஜாரில் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். வேறு மெக்கானிக்கைத் தொடவிடமாட்டார். "எம் மச்சினன் கை வச்சாத்தான் ஓடும்" என்று எல்லாரிடமும் சொல்வார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகை, அதில் நாலு ஸ்பேனர், ஒரு ஏர்பம்ப். அவருடைய வாய்தான் எனக்கு விளம்பரம்.

ஒரு வருஷம், குற்றாலத்தில் சாரல் சீசன். வால்வு வேலைக்காக வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். மழை முடியட்டும், மெதுவாகப் பார் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் ஐந்தருவியிலிருந்து ஒரு ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். குளிக்க வந்தவர் ஒருவருடைய வண்டி படுத்துவிட்டது என்றான். போய்ப் பார்த்தால் அந்த ரப்பர்த் தோட்ட முதலாளி. பலாச்சுளைக் கடைக்குப் பக்கத்தில், ஈரத் துண்டோடு, அழாத குறையாக நின்றுகொண்டிருந்தார். செயின் அறுந்து அடித்ததில் எஞ்சின் அடிப்பெட்டி பிளந்து, எண்ணெய் அத்தனையும் ரோட்டில் ஓடியிருந்தது. அந்தப் பெட்டி உலகத்தில் எங்கேயும் புதிதாகக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அத்தான் வண்டி எஞ்சின் பிரித்துப் போட்டபடி கிடந்ததை முதலாளி பார்த்தார். குனிந்து அதன் அடிப்பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். அதை வைத்து ஒரு லேத் மெஷின் வாங்கலாம். லேத் இருந்தால் கொட்டகை பட்டறை ஆகிவிடும். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு ராத்திரிகூட ஆகவில்லை. சரி என்றேன்.

அத்தான் வண்டியின் நல்ல பெட்டியை அவருக்குப் போட்டேன். அவருடைய பிளந்த பெட்டியை வெல்டிங் வைத்து அத்தான் வண்டிக்குப் போட்டேன். இரண்டிலும் நம்பரை ராவி மாற்றி அடித்தேன். அப்போது என்னிடம் இருந்த பஞ்ச் செட்டில் ஐந்து மட்டும் சரியில்லாதது. எப்படிப் பிடித்தாலும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் விழும். அத்தான் நம்பரில் இரண்டு ஐந்து இருந்தது. அதன்மேல் கரிஎண்ணெயையும் மண்ணையும் குழைத்துப் பூசினேன். சாரல் முடிந்து அவர் வந்து வண்டியை உதைத்தார், ஒரே உதையில் கிளம்பியது. "மாப்ளே, வைத்தியக்காரன் கைவே ஒனக்கு" என்றார்.

வெல்டிங் வைத்த பெட்டி சும்மா இருக்குமா? எண்ணெய் வடிய ஆரம்பித்தது. பத்து நாளில் அத்தான் வந்து சொன்னார், "மாப்ளே, எண்ணெ வடியுதுவே. முன்ன இப்பிடி வடியாதே."

நான் சொன்னேன், "வெள்ளக்காரன் வண்டின்னா எண்ணெ வடியத்தான் செய்யும் அத்தான். வடியலன்னாதான் உள்ள எண்ணெ இல்லன்னு பயப்படணும்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. யார் கேட்டாலும் அதையே சொல்லிச் சிரிப்பார். வண்டியை நிறுத்துகிற இடத்தில் ஒரு பால்பவுடர் டின்னை அடியில் வைப்பார். காலையில் அந்த எண்ணெயை எடுத்துத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றுவார். சாகிறவரைக்கும் இருபத்தைந்து வருஷம் இப்படிச் செய்தார். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த டின்னைப் பார்க்காமல் உள்ளே போகப் பழகிக்கொண்டேன். லேத் இன்றைக்கும் என் பட்டறையில் ஓடுகிறது.

அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீடும் நிலமும் மகன் கைக்குப் போய்விட்டன. அக்கா தென்காசியில் மகன் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறாள். டிவி அணைந்தால்தான் அவளுக்குத் தூக்கம். மருமகள் கெட்டவள் இல்லை; ஆனால் அந்த வீட்டில் அக்காவின் டம்ளருக்குக்கூட ஒரு இடம் கிடையாது. இலஞ்சியில் எங்கள் அப்பா அவளுக்கு எழுதிவைத்த ஐந்து சென்ட் இடம் சும்மா கிடந்தது. அதில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும் போட்டுக்கொண்டு தனியாக இருந்து சாகவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. "என் கதவ நானே சாத்திக்கிடணும்லே" என்பாள். அதற்கு அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த வண்டி.

இரண்டு வருஷமாக நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இப்போது விற்காதே, விலை ஏறும் என்றேன். மழை முடியட்டும் என்றேன். அவள் மகன் ஒரு நாள் வண்டியைப் போட்டோ எடுத்து போனில் போட்டுவிட்டான். ஒரே வாரத்தில் கொச்சியிலிருந்து ஒருவர் பேசினார். அவர் சொன்ன விலைக்கு அக்கா கேட்ட வீட்டைக் கட்டி, கம்பிக் கதவும் போடலாம். அக்கா என்னைக்கூடக் கேட்காமல் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டாள். கொச்சிக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். தென்காசியில் மதிப்புச் சொல்கிற அண்ணாச்சி வந்து பார்த்து ஒரிஜினல் என்று சொல்லவேண்டும் என்றார். அக்கா பூரித்துப்போய் எனக்குப் போன் செய்தாள்.

"ஏலே, அந்த அண்ணாச்சி எந்தம்பிதான்னு சொன்னேன். அவருக்குச் சிரிப்பாணி தாங்கல. நாளைக்குக் காலைல வந்துரு."

நான் ஒரிஜினல் என்று சொல்வதாகத்தான் கிளம்பினேன். இதை இங்கே எழுதி வைக்கவேண்டும். என் வாழ்நாளில் முதல் தடவையாக வேலைக்கு நடுவில் பொய் சொல்லப்போகிறேன், அது அக்காவுக்காக என்று நினைத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. நம்பர் மேல் இருபத்தைந்து வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். லேசாகத் துடைப்பதுபோல் துடைத்து, நம்பர் மட்டும் தெரிகிறமாதிரி காட்டி, கையை எடுத்துவிடலாம். யார் மறுபடியும் பார்க்கப்போகிறார்கள்?

போனேன். மகன் வீட்டு முற்றத்து வெயிலில் வண்டி நின்றது. எஞ்சின் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"பாத்தியாலே?" என்றாள் அக்கா. அவள் விரல் நகம் எல்லாம் கறுத்திருந்தது. "நேத்து பூரா உக்காந்து தேச்சேன். புளியும் சாம்பலும் போட்டு, பழைய பிரஷ வச்சு இண்டு இடுக்கு விடாமத் தேச்சேன். வாங்க வாறவுக அழுக்கா பாத்தா நல்லாவா இருக்கும்?"

எத்தனை வீட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், நான் வருமுன் வண்டியைக் கழுவாதீர்கள் என்று. என் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுடையது ஐம்பது வருஷமாகப் பித்தளைப் பாத்திரம் தேய்த்த கை. நான் பூசிய மண்ணும் போய், அத்தான் துடைத்துத் துடைத்து ஏற்றிய பிசுக்கும் போய், அலுமினியம் அப்பட்டமாகத் தெரிந்தது. ராவிய குழி கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் நடுவில் இரண்டு ஐந்தும் இடது பக்கம் சாய்ந்து நின்றன.

கொச்சிக்காரர் நல்ல மனிதர். அக்கா கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். இந்தப் பக்கம் அக்கா. என் பழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி பறஞ்சா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டா" என்றார். சொல்லிக்கொண்டே போன் விளக்கைப் போட்டு, குனிந்து நம்பரைப் போட்டோ எடுத்தார். "கோயம்புத்தூர்ல பழைய வண்டி புதுக்குற நம்ம ஆளு ஒருத்தர் உண்டு. வண்டி நாளைக்கு அங்கதான் போகுது. அவருக்கு இத ஒண்ணு அனுப்பி வைக்கட்டே."

அந்தக் கோயம்புத்தூர் ஆளை எனக்குத் தெரியும். போட்டோவிலேயே கண்டுபிடித்துவிடுவார். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. பிறகு தென்காசி அண்ணாச்சி அக்கா வண்டி என்றதும் பொய் சொல்லிவிட்டான் என்று ஊர் ஊராகப் பேசுவார்கள். டேங்க் மேல் என் கை இருந்தது.  அப்போது எனக்கு அக்காவின் வீடு ஞாபகம் வரவில்லை. என் பெயர்தான் ஞாபகம் வந்தது.

"நம்பர் மாத்தி அடிச்சிருக்கு" என்றேன். "பெட்டி ஒரிஜினல் இல்ல."

கொச்சிக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சொந்தச் சேச்சியோட வண்டி. ஆனாலும் உண்மை பறஞ்சல்லோ அண்ணாச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "மாத்தி அடிச்சிருக்குன்னா? யாருலே மாத்துனா? வண்டி வீட்ட விட்டு எங்கயும் போயித் தங்கலையே?"

வண்டி வீட்டை விட்டுப் போய்த் தங்கியது ஒரே ஒரு இடத்தில்தான். அவள் அதைச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அவள் சொல்லவில்லை. என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் குனிந்து, கறுத்த நகத்தால் அந்த நம்பரைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஒரு வருசம் சீசனுக்குக் குத்தாலத்துல ரூம் போட்டுச் சீட்டு வெளையாண்டுக்கிட்டுக் கெடந்தாவளே, ஒங்க அத்தான். நாங்கூட அழுது, எந்தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணி, அதுக்கப்புறம் விட்டாவளே. அப்ப நல்ல பெட்டிய வித்திருப்பாவ. வித்து ஆடித் தோத்திருப்பாவ. அதுக்குப் பொறவுதானலே எண்ணெ வடிய ஆரம்பிச்சுது?"

ஆமாம். அந்த வருஷம்தான். அதற்குப் பிறகுதான்.

"வெள்ளக்காரன் வண்டின்னா வடியத்தான் செய்யும்னு எங்கிட்டயே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாவளேலே" என்றாள். "இருபத்தஞ்சு வருசம் அந்த டின்ன நானுல்லா கழுவினேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். இது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற பல பொய்களில் ஒன்று.

கொச்சிக்காரர் உதிரிப் பாகங்களின் விலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் கொத்தனாருக்கும், மகன் வீட்டுக் கக்கூசுக்கு டைல்ஸ் ஒட்டவும் சரியாகப் போயிற்று. என்னிடம் பணம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எதற்கு இவ்வளவு என்று அக்கா கேட்பாள். நான் பதில் தயார் செய்யவில்லை. கொச்சிக்காரர் அந்தக் காலையில் நடந்ததை அவர்களுடைய வாட்ஸப் குரூப்பில் நெகிழ்ந்துபோய் எழுதியிருக்கிறார். சொந்த அக்கா வண்டிக்கே உண்மையைச் சொன்ன மனிதர் என்று இப்போது பெங்களூரிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். போன மாதம் மட்டும் ஐந்து வண்டி பார்த்தேன்.

இலஞ்சியில் அந்த அஸ்திவாரக் குழியில் மழைத்தண்ணீர் நின்று, தவளை கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தை விழுந்துவிடும், மூடுங்கள் என்று சத்தம் போட்டார்கள். நான்தான் ஆள் வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன்.

ஐப்பசியில் அத்தானுடைய திதி வந்தது. சாப்பிட வா என்று அக்கா கூப்பிட்டாள். போனால், ஹாலில் அத்தான் போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சமையல் எல்லாம் ஆகியிருந்தது. ஆனால் படையல் இல்லை, மொட்டைமாடிக்குக் காக்காய்ச் சோறும் போகவில்லை.

"காக்காய்க்கு வைக்கலியாக்கா?" என்றேன்.

"எதுக்கு? என் கதவத் தூக்கிட்டுப் போன மனுசனுக்கு நான் எதுக்குச் சோறு வைக்கணும்?" என்றாள். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். "நீ உக்காருலே. எங்கிட்ட உண்மையச் சொன்னவன் நீ ஒருத்தன்தான். ஒனக்குப் போடுதேன்."

அத்தானுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொடிமாஸ் இருந்தது. தேங்காய்ப்பால் சொதி இருந்தது. மகனையும் மருமகளையும் கூப்பிடுவதற்கு முன்னால், முதல் இலை எனக்குத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிடுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன்.